கோயில் குயிலான கதை

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் நம் பள்ளி மாணவன் ஒருவன் மலாய்க் கட்டுரையில் 'தீகா ஏகோர் குரு' என்று எழுதியிருந்தான். ஏகோர் என்றால் வால். விலங்குகளை எண்ணத்தான் அந்தச் சொல். மனிதர்களுக்கு 'ஓராங்' போட வேண்டும். ஆக, அவன் கணக்கில் வாலுள்ள ஆசிரியர்கள் மூவர்! நான் சிரித்து ஓயவே வெகுநேரம் ஆனது.

அப்புறம்தான் யோசித்தேன். நம் பிள்ளைகளில் பலர் மலாய்மொழியைப் பயிற்சிப் புத்தகத்தில் மட்டும்தான் பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டு மாக்சிக்கிடம் (மலாய் அத்தையிடம்) நாலு வார்த்தை பேச வெட்கம். நாமும் 'பரீட்சைக்குப் படி' என்பதோடு சரி.

இத்தனைக்கும் அந்த மொழியில் நம் வீட்டுச் சாமான்கள் எவ்வளவோ கிடக்கின்றன. கப்பல் அங்கே காப்பால், கடை கெடாய், கட்டில் காத்தில், பெட்டி பெத்தி. வியாபாரத்தில் போடும் முதல்தான் மோடால். கோயில் குயிலாகவே ஆகிவிட்டது! 'பாஹாசா ஜீவா பங்சா' (மொழியே இனத்தின் உயிர்) என்ற வாசகத்தைக் கேட்டிருப்பீர்கள். பாஷை, ஜீவன், வம்சம். மூன்றும் சமஸ்கிருதத்திலிருந்து மலாய்க்குப் போனவை, நமக்கும் பழகியவை. இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில், பலெம்பாங் அருகே கிடைத்த கெடுக்கான் புக்கிட் கல்வெட்டு 683ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மொழி பழைய மலாய், எழுத்து பல்லவ எழுத்து. பிறகு அரபு எழுத்திலிருந்து உருவான ஜாவி வந்தது, அதற்கும் பிறகு இன்றைய ரூமி, அதாவது ரோமன் எழுத்து.

இந்தோனேசியாவில் ஜாவானிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அதிகம். ஆனாலும் 1928இல் அந்நாட்டு இளைஞர்கள் பொதுமொழியாக ஏற்றது மலாயிலிருந்து வளர்ந்த மொழியைத்தான். துறைமுகம்தோறும் அது ஏற்கெனவே பேச்சில் இருந்தது. சிங்கப்பூரின் தேசிய கீதமும் மலாயில்தான் இருக்கிறது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். கடைக்கோ பாசார் மாலாமுக்கோ (இரவுச் சந்தைக்கோ) போனால் விலை கேட்பதைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். தப்பாகப் பேசினால் பேசட்டும், அங்கேயே திருத்த வேண்டாம். 'அஜார்' என்ற வேர்ச்சொல் எப்போது 'பெலாஜார்' (கற்பது) ஆகும், எப்போது 'மெங்ஙாஜார்' (கற்பிப்பது) ஆகும் என்பதை வகுப்பில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இரு மொழிக்கும் பொதுவான சொல் ஒன்றை, தாத்தா பாட்டியிடம் கேட்டாவது, ஒரு தாளில் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள். சிற்றுண்டிச்சாலைச் சுவரில் ஒட்டப் போகிறோம். 'கடை'யை மட்டும் அனுப்ப வேண்டாம், அதை நானே ஒட்டிவிட்டேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்