கேம்புக்கு அனுப்பும் முன் ராத்திரியைப் பற்றிக் கேளுங்கள்

மே மாத லீவுக்குப் பிள்ளையை ஏற்காடு கேம்புக்கு அனுப்பப் பெயர் கொடுத்திருக்கும் சேலத்து அம்மா அப்பாக்களுக்கு,

வணக்கம். அம்மாபேட்டையில் இருந்து எழுதுகிறேன். நான் டாக்டரும் இல்லை, டீச்சரும் இல்லை, தறி வீட்டு மருமகள், பெண் பிள்ளை ஒன்று. கேம்ப் நோட்டீஸ் இந்நேரம் உங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் கிடக்கும். காலை ஆறு மணி யோகாவில் தொடங்கி மலையேற்றம், வில் விடுவது, களிமண், கேம்ப் ஃபயர் என்று ராத்திரி ஒன்பது மணிப் பால் வரைக்கும் அழகாகக் கட்டம் போட்டிருப்பார்கள். அந்த ஒன்பது மணிக்கு அப்புறம் மறுநாள் ஆறு வரைக்கும் என்ன என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருக்காது. நான் கேட்கச் சொல்வது அந்த ஒன்பது மணி நேரத்தைத்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மகளை அனுப்பினேன். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. ஐந்து நாள். கேம்பின் பெயரும் வேண்டாம், நடத்தினவர்கள் பெயரும் வேண்டாம், அவர்கள் கெட்டவர்கள் இல்லை, யோசிக்காதவர்கள். வேனை விட்டுச் சிரித்துக்கொண்டுதான் இறங்கினாள், கழுத்தில் மெடல் வேறு. பையைப் பிரித்தால் ஸ்வெட்டர் மடிப்புக் கலையாமல் அப்படியே இருக்கிறது, தண்ணீர் பாட்டில் முக்கால்வாசி நிறைந்து கிடக்கிறது, அடியில் ஜவுளிக்கடைக் கவர் ஒன்று, இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டி. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. உள்ளே பெட்ஷீட். வாடை வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அவள் அறை வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை, ஊற வைத்துத் துவைத்தேன். மூன்று நாள் கழித்துச் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள். ஹாலில் முப்பது பிள்ளைகள். பாத்ரூம் வெளியே, வராந்தாவைத் தாண்டிப் போக வேண்டும், லைட்டை அணைத்துவிடுவார்கள். டீச்சர் வேறு ரூமில். "மிஸ்ஸ எழுப்பினா திட்டுவாங்கன்னு பெரிய அக்கா ஒருத்தி சொன்னாம்மா." அடக்கிப் பார்த்திருக்கிறாள், முடியவில்லை. சேலம் 300 மீட்டர் உயரத்துக்குள் இருக்கிற ஊர், ஏற்காடு 1,500 மீட்டர், இங்கே புழுக்கத்தில் மின்விசிறிக்கு அடியில் தூங்கிப் பழகிய உடம்புக்கு அங்கே மே மாதத்திலும் ராத்திரி குளிரும், குளிரில் ஒன்றுக்கு அடிக்கடி வரும், இது நம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. அதற்கு அவள் கண்டுபிடித்த வழிதான் என்னை இன்னும் குடைகிறது. "அதுக்கப்புறம் நான் மத்தியானத்துக்கு மேல தண்ணியே குடிக்கலம்மா." நாலு நாள். மலை ஏறி இறங்கிக்கொண்டு.

அதனால், கேம்ப் நடத்துகிறவர்களிடம் நேராக ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு என் பிள்ளைக்கு ஒன்றுக்கு வந்தால் என்ன நடக்கும்? போன வருஷம் இதை இரண்டு இடத்தில் கேட்டேன். ஒருவர் சிரித்தார், "அதெல்லாம் பாத்துக்குவோம் மேடம், கவலையே படாதீங்க" என்றார். இன்னொரு இடத்தில் இருந்த அம்மா சிரிக்கவில்லை. வாங்க என்று ஹாலுக்குக் கூட்டிப் போய், கதவோரம் கிடந்த கட்டிலைக் காட்டி, இதில் நான் படுப்பேன், அந்த மூலையில் இன்னொரு டீச்சர், பாத்ரூம் வழியில் ஜீரோ வாட் பல்பு விடிய விடிய எரியும், பதினொரு மணிக்கு ஒரு தடவை சின்னப் பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிப் போவோம் என்றார். தாழ்ப்பாள் கூடப் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது. மற்றதை எல்லாம் விசாரிக்கும் முன்பே நான் பணத்தைக் கட்டிவிட்டேன், அது என் அவசரப் புத்தி, நீங்கள் விசாரித்துவிட்டே கட்டுங்கள்.

வழக்கமாகவே படுக்கையில் போகும் பிள்ளை என்றால் மறைக்காதீர்கள். ஏழு வயதில் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பிள்ளைகளுக்கு இது உண்டு, உங்கள் பிள்ளை மட்டும் இல்லை. ஃபாரத்தில் எழுதினால் நாலு பேர் படிப்பார்கள், கூடப் படுக்கும் டீச்சரிடம் மட்டும் தனியாகச் சொல்லுங்கள், மாற்று பெட்ஷீட் எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்கும் தெரியட்டும்.

ஒன்றுக்குப் போவதற்கா இவ்வளவு என்று நினைக்காதீர்கள். பிள்ளை தூங்கும்போது யார் விழித்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். இந்த மாதிரிக் கேம்புகளில் பழம் தின்று கொட்டை போட்ட நாடு அமெரிக்கா, வாரக்கணக்கில் பிள்ளைகளை விட்டு வைப்பார்கள். அங்கே டெக்சாஸில் 2025 ஜூலை 4 விடியும் முன் குவாடலூப் ஆறு முக்கால் மணி நேரத்தில் சுமார் 26 அடி ஏறியது, ஆற்றங்கரைக் கேம்ப் ஒன்றில் தூங்கிக்கொண்டிருந்த சிறுமிகளும் பார்த்துக்கொள்ள வந்த இளம்பெண்களுமாக 27 பேர் போய்விட்டார்கள். ஏற்காட்டில் அப்படி ஆறு இல்லை, சரி. ஆனால் மே மாதத்தில் இடி மின்னலோடு மழை அடிக்கும், மரம் விழும், கரண்ட் போகும், காட்டெருமை எஸ்டேட்டுக்குள் வந்து நிற்கும். கூடாரத்தில் படுக்க வைப்பதாகச் சொன்னால், மழை வந்தால் எந்தக் கட்டடத்துக்கு ஓடுவீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.

வண்டி விஷயமும் ராத்திரிக் கேள்விதான். காய்ச்சலுக்கு ஏற்காட்டிலேயே அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. பெரிதாக ஏதாவது என்றால் சேலத்துக்குத்தான் இறக்க வேண்டும், 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, பனி மூடினால் பகலிலேயே வண்டி ஊர்ந்துதான் போகும். 108 இருக்கிறது, இருந்தாலும் கேம்பிலேயே ஒரு வண்டி, அதை ஓட்டத் தெரிந்த ஆள், ராத்திரி தங்குகிறாரா? டிரைவர் ஏழு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார் என்றால் அந்த வண்டி நோட்டீஸ் படத்துக்குத்தான் ஆகும். இழுப்பு உள்ள பிள்ளை என்றால் இன்ஹேலர் ஆபீஸ் பீரோவில் பூட்டி இருக்கக் கூடாது, பிள்ளை தலைமாட்டில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, கேட்கக் கூச்சமாக இருக்கும், கேளுங்கள். போக்சோ சட்டத்தின் 2020 விதிகள்படி பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் எந்த இடமும் தன் ஆட்களுக்குப் போலீஸ் சரிபார்ப்பு செய்தாக வேண்டும். செய்திருக்கிறீர்களா என்று கேட்டால் நல்லவர்கள் கோபப்பட மாட்டார்கள். வாரக்கணக்குக்கு வரும் காலேஜ் பையன்கள், சமையல்காரர், வாட்ச்மேன் எல்லாரும் இதில் சேர்த்தி. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைக்கு மனப்பாடமாக்குங்கள், வாய்ப்பாடு மாதிரி.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். வேன் கிளம்பும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "பிடிக்கலன்னா சொல்லு கண்ணு, அம்மா உடனே வந்து கூட்டிட்டு வந்துடறேன்" என்றேன். பாசமாகத்தான். அப்படிச் சொல்லாதீர்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2007-லேயே வீட்டு ஏக்கம் பற்றிய அறிக்கையில் எழுதி வைத்திருக்கிறது, உன்னால் முடியாது என்று நாமே முன்கூட்டிச் சொன்னதாக ஆகிவிடுகிறதாம். நான் செய்தது இன்னும் மோசம், போன் வைத்துக்கொள்ளக் கூடாத கேம்ப் அது, அவள் எதில் சொல்வாள்? அதற்குப் பதிலாக ஒத்திகை பாருங்கள். தாரமங்கலத்தில் என் அம்மா வீட்டில் நான் இல்லாமல் இரண்டு ராத்திரி விட்டேன். முதல் ராத்திரி அழுதாள், இரண்டாம் ராத்திரி பாட்டியை எழுப்பி, "பயமா இருக்கு, கூட வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறாள். எழுப்பிக் கூப்பிடத் தெரிந்துவிட்டது, அது போதும் என்று தோன்றியது.

கிளம்புகிற அன்று ஆறு இட்லியைத் திணித்து வேனில் ஏற்றாதீர்கள், ஐந்தாவது வளைவில் அத்தனையும் வெளியே வரும். முன் சீட்டு, காலியான ஒரு கவர், எலுமிச்சம்பழம்.

இந்த மே மாதமும் போகிறாள், அந்த அம்மாவின் கேம்புக்குத்தான். பையை அவளே அடுக்கிவிட்டாள். டார்ச் இரண்டு கேட்டாள், எதற்கு இரண்டு என்றால் பக்கத்தில் படுக்கிறவளுக்காம். வாங்கி வைத்திருக்கிறேன். செல்லை மட்டும் கழற்றித் தனியாகப் போட்டிருக்கிறேன், பைக்குள் தானாக எரிந்து தீர்ந்துவிடும்.

இப்படிக்கு,
அம்மாபேட்டையில் இருந்து ஓர் அம்மா