காளத்திக் கோழிக்கு முதலில் சேவலை எண்ணுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சத்தியவேடு, நாகலாபுரம், ஊத்துக்கோட்டை என ஆந்திர - தமிழக எல்லைப் பக்கம் காளத்திக் கோழி என்ற நாட்டுக்கோழி இனத்தை மறுபடி பெருக்கலாம் என்ற பேச்சு நல்லதுதான். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள அமைப்பின் பட்டியலில் இந்த இனம் பதிவாகியும் இருக்கிறது. ஆனால் பட்டியல் முட்டை இடாது.

பெரும்பாலோர் ஒரு சேவலும் பத்துப் பெட்டையும் வாங்கி ஆரம்பிக்கிறார்கள். தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. அப்படி வளர்த்தால் ஒவ்வொரு தலைமுறையிலும் உறவுக்கலப்பு (நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே இனம் சேர்வது) சுமார் 13.8 சதவீதம் ஏறும். பெட்டையை 60 ஆக்கினாலும் 12.7க்குக் கீழே இறங்காது. 6 சேவல், 30 பெட்டை என்றால் 2.5தான். நாலைந்து தலைமுறை ஒற்றைச் சேவலில் ஓட்டினால் கூமுட்டை கூடும், குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடக்கும், விரல் கோணிப் பிறக்கும். அதற்குத் தீவனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதற்கு வழி, ஆறு பட்டி (தனித்தனிக் கோழிக் கூட்டம்); ஒவ்வொன்றிலும் ஒரு சேவல், ஐந்து பெட்டை. பெண்குஞ்சு தாய்ப் பட்டியிலேயே வளரட்டும். ஆண்குஞ்சு விடை (இளஞ்சேவல்) ஆனதும் அடுத்த பட்டிக்குப் போகட்டும். எந்தக் குஞ்சு எந்தப் பட்டி என்று தெரிய, பிறந்த அன்றே கால்விரல் சவ்வில் துளை போடலாம். நான்கு சவ்வில் 16 வகைக் குறி கிடைக்கும். துளைத்த தோல்துண்டு முழுதாக விழுந்ததா என்று பார்க்க வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் நாலு நாளில் மூடிவிடும், வம்சக் கணக்கும் அதோடு போச்சு. சேவலை மாற்றிய பிறகு மூன்று வாரத்து முட்டையை அடை வைக்காதீர்கள். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடம்பில் அவ்வளவு நாள் தங்கும்.

கலப்புப் பெட்டைதான் இருக்கிறது என்றாலும் அசல் சேவலோடு சேர்த்து அசல் இனத்துக்குத் திருப்பலாம். அந்நிய ரத்தம் 50, 25, 12.5, 6.25 என்று தலைமுறைக்குப் பாதியாகும். நிறம் வந்துவிட்டதே என்று 12.5-இல் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். இன்னொன்று, நீலம் மின்னும் கறுப்புதான் அசல் என்று பழுப்பை ஒதுக்குகிறார்கள். இந்த இனத்தில் பழுப்பும் உண்டு. ஒதுக்கினால் இருக்கிற கொஞ்சமும் சுருங்கும்.

பொங்கல் நெருங்கினால் எடை கூடிய விடைதான் முதலில் சந்தைக்குப் போகிறது. மிஞ்சிய சோதா பட்டிக்கு அப்பனாகிறது. ஐந்து மாதத்தில் ஒவ்வொரு சேவலுக்கும் தேறிய மகன் ஒன்றை ஒதுக்கிய பிறகே மற்றதை விற்க வேண்டும். எல்லா முட்டையையும் இன்குபேட்டரில் வைப்பதும் சரியல்ல. தானே அடை உட்கார்ந்து, குஞ்சோடு மேய்கிற பெட்டை எது என்று அதில் தெரியாது. அந்தக் குணத்தைத் தேடாவிட்டால் பத்து வருடத்தில் அது இல்லாமலே போகும்.

ஆறு பட்டியையும் ஒரே வளாகத்தில் வைக்கக்கூடாது. வெள்ளைக் கழிச்சல் நோய்க்கு 7-ஆம் நாள் லசோட்டா தடுப்பு மருந்துச் சொட்டு, 8-ஆம் வாரம் ஆர்2பி தடுப்பூசி போட்டாலும் அது ஒருமுறை நுழைந்தால் மொத்தமும் போய்விடலாம். பட்டிக்கு ஓர் ஊர் என்று பிரித்து வையுங்கள். இரு மாநிலக் கால்நடைத் துறைகளும் இலவசக் குஞ்சு தருவதைவிட, எல்லை தாண்டிச் சேவல் மாற்றிக்கொள்ள ஒரு பதிவேடும் மாதம் ஒரு நாளும் ஒதுக்கித் தரலாம்.

நாட்டுக்கோழி வளர்ப்போர்,
சத்தியவேடு