கூட்டாளிக்கு கெல்சன்கியர்சனிலிருந்து

கெல்சன்கியர்சன், ஜேர்மனி
நவம்பர் 2025

அன்பின் கூட்டாளி,

உன் கடிதம் கிடைத்தது. கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது பெரிய ஆறுதல். மற்றக் கண்ணையும் தள்ளிப்போடாமல் செய்துவிடு. மகளுக்கு வவுனியாவிலேயே வேலை நிரந்தரமான செய்தியை வாசித்ததும் இவளும் சந்தோஷப்பட்டாள். இங்கே நாங்கள் சுகம். குளிர் தொடங்கிவிட்டதால் இவளுக்கு முழங்கால் நோ கொஞ்சம் கூட. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள். ஒரு இடத்தில் இருக்கிறாள் இல்லை.

கடிதத்தின் கடைசியில், "உங்களையும் திருப்பி அனுப்பிப்போடுவாங்களோ?" என்று கேட்டிருந்தாய். எங்களிடம் ஜேர்மன் கடவுச்சீட்டு இருக்கிறது, நாட்டில் சட்டம் இருக்கிறது, அப்படி ஒருவரும் எங்களைத் தூக்கி அனுப்ப முடியாது என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கேள்வி இங்கே எங்கள் வீடுகளிலும் வந்துவிட்டது. 2024 ஜனவரியில் பொட்ஸ்டாம் கூட்டம் பற்றிய செய்தி வெளிவந்த அன்றுதான் எங்கள் வீட்டில் முதலில் வந்தது. தீவிர வலதுசாரிகள் சிலரும், குடியேற்றத்தை எதிர்க்கிற ஏ.எஃப்.டி. என்ற கட்சியின் ஆட்கள் சிலரும் ஒரு விடுதியில் கூடி, குடியேறியவர்களைப் பெருந்தொகையாக வெளியேற்றுவது பற்றிப் பேசினார்கள் என்று கொரெக்டிவ் என்ற ஊடகம் எழுதியது. நாடு முழுவதும் இலட்சக்கணக்கான சனம் தெருவுக்கு வந்து எதிர்ப்புக் காட்டியது. நாங்களும் போனோம். ஆனால் ஒரு வருடம் கழித்து, ரீசாவில் நடந்த மாநாட்டு மேடையில் அதே திட்டத்தைக் கட்சித் தலைவி அலீஸ் வைடல் வெளிப்படையாகவே சொன்னார். அடுத்த மாதம், 2025 பெப்ரவரி 23ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தலில், அவர்களுக்கு 20.8 வீதம் வாக்கு விழுந்தது. பாராளுமன்றத்தில் 152 ஆசனங்களோடு இரண்டாவது பெரிய கட்சி.

இந்தக் கட்சி தொடங்கியது 2013இல். அப்போது அது கிரேக்கக் கடனுக்கு ஜேர்மனி ஏன் பிணை நிற்க வேண்டும், யூரோ நாணயம் தேவையா என்று கேட்ட பேராசிரியர்களின் கட்சி. அந்த வருடத் தேர்தலில் 4.7 வீதம்தான் எடுத்தார்கள். 5 வீதம் எடுக்காததால் பாராளுமன்றத்துக்குள் வர முடியவில்லை. 2015 கோடையில், தொடங்கிய தலைவரான பேன்ட் லூக்கவையே தோற்கடித்துக் கட்சியைக் கடும்போக்காளர்கள் கையில் எடுத்தார்கள். அதே கோடையில்தான் சிரியா, ஈராக், ஆப்கானிஸ்தான் சனம் வந்து சேர்ந்தது; அந்த ஒரு வருடத்தில் மட்டும் கிட்டத்தட்ட 9 இலட்சம் பேர். அப்போதைய சான்சலர் மேர்க்கல் "எங்களால் முடியும்" என்றார். முனிக் ரயில் நிலையத்தில் சனம் கைதட்டி வரவேற்றதைத் தொலைக்காட்சியில் பார்த்து நான் அழுதேன். நாங்கள் வந்தபோது எங்களுக்கு ஒருவரும் கைதட்டவில்லை.

84இல் கிழக்கு பேர்லின் வந்திறங்கி, பிரீட்ரிஷ் தெரு நிலையத்தால் மேற்குக்குள் வந்தேன். அடுத்த வருடமே கிழக்கு ஜேர்மனி தமிழருக்கு அந்தப் பாதையை அடைத்துவிட்டது, மேற்கு கேட்டுக்கொண்டதால். அப்போது பேப்பர்களில் எங்களையும் வெள்ளம் என்றுதான் எழுதினார்கள். முகாமில் இருந்தபோது வேலை செய்ய அனுமதி இல்லை, மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதி இல்லை. காசுக்குப் பதிலாகச் சாப்பாட்டுப் பொதி. இன்றைக்கு வருகிறவர்களுக்குக் காசுக்குப் பதிலாக அட்டை கொடுக்கிறார்கள், 2024இல் அதற்கென்று சட்டமே கொண்டுவந்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்டபோது எனக்கு அந்தச் சாப்பாட்டுப் பொதியின் மணமே வந்தது.

சரி, யார் இவர்களுக்கு வாக்குப் போடுகிறார்கள்? முன்னாள் கிழக்கு ஜேர்மனிதான் அவர்களது கோட்டை. 2024 செப்டம்பரில் தூரிங்கன் மாநிலத்தில் 32.8 வீதத்தோடு முதலாவதாக வந்தார்கள். அங்கே குடியேறியவர்கள் மேற்கைவிடக் குறைவு. 1990க்குப் பிறகு அங்கிருந்த அரச தொழிற்சாலைகளை விற்றார்கள், மூடினார்கள். இளம் ஆட்கள் மேற்குக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்களின் மனக்குறையைப் பல வருடமாக ஒருவரும் காது கொடுத்துக் கேட்கவில்லை.

ஆனால் இதைக் கிழக்கின் நோய் என்று இனிச் சொல்ல முடியாது. நான் இருக்கிற ஊரைப் பார். கெல்சன்கியர்சன் நிலக்கரி நகரம், தொழிலாளர் நகரம், எஸ்.பி.டி. என்ற சமூக ஜனநாயகக் கட்சியின் ஊர். இந்தப் பெப்ரவரியில் இங்கே கட்சிகளுக்கு விழுந்த வாக்கில் ஏ.எஃப்.டி. முதலாவது. எங்கள் மாடிக்கு மேலே இருக்கிறவர் சுரங்கத்தில் வேலை செய்தவர். நகரில் ஹூகோ சுரங்கம் 2000இல் மூடியது. பக்கத்து பொட்ரொப்பில் நாட்டின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடியது. என் மகனுக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியவர் அவர். இந்தமுறை அவர்களுக்குத்தான் வாக்குப் போட்டேன் என்று என் முகத்துக்கு நேரேயே சொன்னார். "உன்னைப் பற்றி அல்ல, நீ உழைக்கிறவன்" என்றார்.

அவர் சொல்கிற குறைகள் பொய் இல்லை. எங்கள் தெருவில் பாழடைந்த வீடுகளைத் தூரத்தில் இருக்கிற முதலாளிகள் வாங்கி, ருமேனியா, பல்கேரியாவிலிருந்து வந்த ஏழைகளை அறைக்குள் நெருக்கி வைத்து வாடகை பறிக்கிறார்கள். குப்பை தெருவில் கிடக்கிறது. ரயில் நேரத்துக்கு வருவதில்லை. ஆனால் அவர் கோபப்படுவது அந்த முதலாளியில் அல்ல, அறைக்குள் நெருங்கிக் கிடக்கிற ஏழையில். அவர் வாக்குப் போட்ட கட்சி வாரிசு வரியையே ஒழிக்க வேண்டும் என்கிறது. அதனால் இலாபம் பெரிய சொத்துக்காரருக்கு. அவருக்கு ஓய்வூதியம் மட்டும்தான். நான் இதைச் சொன்னேன். கேட்டார், தலையாட்டினார், ஆனால் மாறவில்லை. அந்தக் கட்சி தன்னை மதிக்கிறது என்று அவர் நம்புகிறார். வாக்களித்த தொழிலாளர்களில் 38 வீதம் பேர் அவர்களுக்கே போட்டிருக்கிறார்கள். கூட்டாளி, அது எஸ்.பி.டி.க்குப் பெரிய தோல்வி. அவர்கள் அதை இன்னும் முழுதாக உணரவில்லை என்பது என் எண்ணம்.

ஆனாலும் எனக்குப் பெரிய பயம் ஏ.எஃப்.டி. மட்டும் அல்ல. மற்றக் கட்சிகள் அவர்கள் பின்னால் ஓடுவதுதான் எனக்கு நித்திரையைக் கெடுக்கிறது. இன்றைய சான்சலர் மேர்ட்ஸ் 2018இல் ஏ.எஃப்.டி.யைப் பாதியாகக் குறைக்கலாம் என்று சொன்னவர். அவருடைய கட்சி குடியேற்றத்தில் கடுமையாகப் பேசிக்கொண்டு போனது. ஏ.எஃப்.டி. 2021இல் எடுத்த 10.3 வீதம் இரண்டு மடங்காகியது. இந்த ஜனவரி 29ஆம் திகதி, ஏ.எஃப்.டி.யின் வாக்குகளோடு ஒரு தீர்மானத்தைப் பாராளுமன்றத்தில் நிறைவேற்றினார். அவர்களோடு சேர்வதில்லை என்ற தீயணை மதிலில் அன்றைக்குத்தான் பெரிய வெடிப்பு விழுந்தது. மேர்க்கலே வெளியில் வந்து பிழை என்று சொன்னார். பிறகு ஒக்டோபரில் மேர்ட்ஸ், நகரங்களின் தோற்றத்தில் இன்னும் பிரச்சினை இருக்கிறது, அதனால்தான் பெருமளவில் நாடுகடத்துகிறோம் என்ற கருத்தில் பேசினார். நகரத்தின் தோற்றம் என்றால் என்ன? ரயில் நிலையத்தில் நிற்கிற என் முகமும் அதற்குள் அடங்கும். வேலை செய்யாதவர்களையும் சட்டத்தை மதிக்காதவர்களையும்தான் சொன்னேன் என்று பிறகு விளக்கம் கொடுத்தார். பார்த்தவுடன் யார் வேலை செய்கிறவர், யார் செய்யாதவர் என்று எப்படித் தெரியும்?

இந்தக் கதை உனக்கும் எனக்கும் தெரிந்த கதை. இலங்கையில் 1956ஐ நினைத்துப் பார். பண்டாரநாயக்கா சிங்களம் மட்டும் என்று கிளம்பினார். அதுவரை இரண்டு மொழி என்று சொல்லிக்கொண்டிருந்த ஆளும் கட்சி யூ.என்.பி. என்ன செய்தது? களனி மாநாட்டில் தானும் சிங்களம் மட்டும் என்று மாறியது. அதனால் வென்றதா? 8 ஆசனத்தோடு நின்றது. அசல் கிடைக்கும்போது நகலை யார் வாங்குவார்கள்? அடுத்த வருடம் பண்டாரநாயக்காவே தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்தபோது, அதை எதிர்த்துக் கண்டிக்கு நடை போனவர் யூ.என்.பி.யின் ஜே.ஆர். ஜெயவர்த்தனா. 1958இல் பண்டாரநாயக்கா ஒப்பந்தத்தைக் கிழித்தார். அடுத்த வருடம் ஒரு பிக்குவின் துப்பாக்கிக்கே பலியானார். இரண்டு பெரிய கட்சிகள் யார் கூடிய இனப்பற்றாளர் என்று ஏலம் கூறத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும் என்று இந்த ஜேர்மன்காரருக்கு நாங்கள் சொல்லலாம். அவர்களும் அதை ஒருமுறை கண்டவர்கள்தான். 92இல் ரொஸ்டொக்கில் வியட்நாமியர் இருந்த கட்டிடத்துக்குத் தீ வைத்தபோது சனம் நின்று கைதட்டியது. கட்சிகள் பதிலாகப் புகலிட உரிமையைச் சுருக்கின. 1993 மே 26 பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு. மூன்று நாள் கழித்து, இங்கிருந்து ஒரு மணித்தியால ஓட்டத்தில் இருக்கிற சோலிங்கனில் ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீட்டை எரித்து ஐந்து பெண்களையும் சிறுமிகளையும் கொன்றார்கள்.

மகன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. டென்மார்க்கைப் பாருங்கள் அப்பா, அங்கே சமூக ஜனநாயகக் கட்சியே குடியேற்றத்தில் கடுமையானது, வலதுசாரிக் கட்சி 2015இல் 21 வீதத்திலிருந்து 2022இல் 2.6க்கு இறங்கியது என்கிறான். உண்மைதான். ஆனால் அதே தேர்தலில் அதே நிறத்தில் வேறு கட்சிகள் முளைத்து வாக்கைப் பிரித்தன. கட்சியின் பெயர் தேய்ந்தது, கொள்கை நாட்டின் சட்டமானது. அதை வெற்றி என்று எண்ண என்னால் முடியவில்லை. நானும் அவனும் இன்னும் முடிவுக்கு வரவில்லை, ஒவ்வொரு ஞாயிறும் தொடர்கிறது.

இன்னொன்றைச் சொல்ல எனக்கு வெட்கம், ஆனால் உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்ல? இந்த ஆனியில் ஹாம் காமாட்சி அம்பாள் தேருக்குப் போனோம். வழக்கம்போல ஆயிரக்கணக்கான சனம். அன்னதானப் பந்தியில் பக்கத்தில் இருந்த எங்கள் ஆள் ஒருவர், எண்பதுகளில் வந்தவர், "இப்ப வாறவங்கள்தான் எங்கட பெயரையும் கெடுக்கிறாங்கள், இவங்களைத் திருப்பி அனுப்பத்தான் வேணும்" என்றார். சுற்றியிருந்த சிலர் ஆமோதித்தார்கள். "நீங்கள் வரும்போது என்ன விசாவோடு வந்தீர்கள் அண்ணை?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. நாங்கள் கடினமாக உழைத்தோம், உண்மை. அதற்காகப் பின்னால் வருகிறவனின் கதவை நாங்களே பிடித்துச் சாத்த வேண்டுமா? மேல்மாடிக்காரர் "உன்னைப் பற்றி அல்ல" என்று சொன்னதை இவர்கள் பாராட்டாக எடுக்கிறார்கள். எனக்கு அது பாராட்டாகப் படவில்லை.

அப்புறம், எல்லாம் இருட்டு என்று நினைத்துவிடாதே. செப்டம்பர் உள்ளூராட்சித் தேர்தலில் எங்கள் மாநிலத்தில் ஏ.எஃப்.டி. 5.1 வீதத்திலிருந்து 14.5க்கு ஏறியது உண்மை. இங்கே மேயர் தேர்தலின் இரண்டாம் சுற்றுக்கும் வந்தார்கள். ஆனால் மற்றக் கட்சிக்காரரும் சேர்ந்து எஸ்.பி.டி.யின் ஆன்ட்ரியா ஹென்சவுக்கு வாக்குப் போட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு வென்றார். டூயிஸ்புர்க்கிலும் ஹாகனிலும் இரண்டாம் சுற்றில் ஏ.எஃப்.டி. தோற்றது. குப்பையையும் பாழ் வீடுகளையும் இந்த அம்மா உண்மையாகவே கவனித்தால் மேல்மாடிக்காரரைப் போன்றவர்களில் சிலராவது திரும்புவார்கள் என்று நம்புகிறேன். அடுத்த செப்டம்பரில் கிழக்கே சக்சன்-அன்ஹால்ட்டில் மாநிலத் தேர்தல். கருத்துக் கணிப்புகள் ஏ.எஃப்.டி.க்கு நாற்பது வீதத்துக்குக் கிட்டக் காட்டுகின்றன. முதன்முறையாக ஒரு மாநில முதலமைச்சர் பதவி அவர்கள் கைக்குப் போகக்கூடும். பள்ளிக்கூடமும் பொலிசும் மாநில அரசின் கையில் என்பதால் அது சின்ன விஷயம் அல்ல.

உன்னிடம் ஒரு உதவி. இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பெரிய வகுப்புப் பிள்ளைகளோடு இதைப் பற்றிக் கதைக்கக் கேட்டிருக்கிறார்கள். உன் அப்பா சிங்களப் பரீட்சை எழுத மறுத்து, கொழும்பில் கிளாக்கர் வேலையை விட்டு ஊருக்கு வந்ததை நீ எனக்கு முன்பு சொல்லியிருக்கிறாய். எந்தக் கந்தோர், என்ன சொன்னார்கள், வீட்டில் என்ன நடந்தது என்று நினைவில் இருப்பதையெல்லாம் எழுதி அனுப்பு. கண் தேறும்வரை மகளிடம் சொல்லி எழுதுவித்தாலும் போதும். வகுப்பு தை மாத நடுவில், அதற்கு முன் கிடைத்தால் நல்லது.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் பழைய கூட்டாளி