மக்னோலியா விதை போடும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படத்தில் இருப்பது மக்னோலியா காய்தான். எதற்கும் அந்த மரத்தடியில் கிடக்கும் இலை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார். மேலே பளபளவென்று கரும்பச்சை, அடியில் துரு நிறத்தில் மெத்தென்ற பூனைமயிர் இருந்தால் அது எந்தக் காலத்திலும் மொட்டையாகாத மக்னோலியா கிராண்டிஃப்ளோரா. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்கள்தான் அதற்குச் சொந்த ஊர். இப்போது எத்தனையோ நாடுகளில் பூங்காக்களில் நிற்கிறது.

விதை போடவா, கன்று வாங்கவா என்று கேட்டிருந்தாய். பூவைச் சீக்கிரம் பார்க்க வேண்டுமென்றால் கன்று வாங்கு. 'லிட்டில் ஜெம்' மாதிரி ரகங்கள் இரண்டு மூன்று வருடத்திலேயே மொட்டு வைக்கும், மரமும் அடக்கமாக நிற்கும். விதையிலிருந்து வரும் மரம் பூப்பதற்குப் பத்து வருடமாவது ஆகும், பதினைந்தும் ஆகலாம். வாடகை வீட்டில் இருந்துகொண்டு இதையெல்லாம் செய்வானேன் என்று உன் அப்பா கேட்கிறார். நான் விதை கட்சி. தொட்டியில் சில வருடம் தாராளமாக வளரும், அதற்குள் உனக்கும் ஓர் இடம் அமையும்.

ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு இறங்கு. நீ பார்த்து மயங்கிய அந்த மரமே திரும்ப வராது. அதன் பூவில் பெண் பாகம் முதலில் தயாராகும், மகரந்தம் பிறகுதான் உதிரும். அதனால் பெரும்பாலும் வேறொரு பூவின் மகரந்தம்தான் வந்து சேரும், அதையும் கொண்டு வருவது வண்டுகள். எந்த மரத்திலிருந்து கொண்டு வந்தது என்று யாருக்குத் தெரியும்? ஒரே காயிலிருந்து எடுத்த நாற்றுகளில் ஒன்று ஒல்லியாக உயரும், ஒன்று அகலமாகப் படரும், ஒன்றின் இலையடியில் துரு நிறமே இருக்காது. பெயர் வைத்த ரகங்களை ஒட்டுக் கட்டியோ தண்டு வெட்டி வேர்விட வைத்தோதான் பெருக்குகிறார்கள், விதையில் அது நடக்காது. எனக்கு இந்த நிச்சயமின்மைதான் பிடித்திருக்கிறது. உனக்குப் பிடிக்காவிட்டால் இப்போதே சொல்லிவிடு.

சரி, விதைக்கு வருவோம். காய் வெடித்ததும் ஒவ்வொரு கண்ணிலிருந்தும் ஒன்றோ இரண்டோ சிவப்பு விதை எட்டிப் பார்க்கும். உடனே விழாது. பட்டு நூல் மாதிரி மெல்லிய வெள்ளை இழையில் தொங்கிக்கொண்டு காற்றில் ஆடும். பறவைகள் அதைப் பார்த்துத்தான் வருகின்றன. அவை முந்திக்கொள்வதற்குள் நீ எடுத்துவிட வேண்டும். ஒரு காயில் நாற்பது, ஐம்பது விதை இருக்கும். வெடிக்காத காயாக இருந்தால் சூடில்லாத அறையில் ஒரு தட்டில் வைத்திரு, தானே திறக்கும். ஆனால் எடுத்த விதையை மேசை மேல் போட்டு மறந்துவிடாதே. நெல், பயறு போலக் காயவைத்து டப்பாவில் அடைக்கும் விதை அல்ல இது. சாதாரண அறையில் உலர்ந்து கிடந்தால் கொஞ்ச நாளில் செத்துவிடும்.

அந்தச் சிவப்புத் தோல்தான் முதல் தடை. பார்க்க அழகு, ஆனால் முளைப்பைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது. ஒரு கிண்ணம் தண்ணீரில் விதையை இரண்டு மூன்று நாள் ஊறவை, தினமும் தண்ணீரை மாற்று. பிறகு விரலால் அழுத்திப் பிதுக்கினால் சிவப்புச் சதை வழுக்கிக்கொண்டு வரும், உள்ளே கெட்டியான ஓட்டோடு விதை கையில் நிற்கும். கையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். விதையின் மேலும் அதே பிசுக்குதான். இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டுத் தேய்த்து, நன்றாக அலசு. அப்புறம் சுத்தமான தண்ணீரில் போட்டுப் பார், மிதப்பவை பெரும்பாலும் பொக்கு. சதையோடு இருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்யாதே, எண்ணெய் காரணமாக நல்ல விதையும் மிதக்கும்.

அடுத்தது குளிர். வெளியே இயற்கையாக விழும் விதை ஒரு குளிர்காலத்தை ஈர மண்ணில் கழித்த பிறகுதான் வசந்தத்தில் முளைக்கும். அதை நீ ஃப்ரிட்ஜில் செய்துகொள்ளலாம். நனைத்துப் பிழிந்த மணலோ தேங்காய் நார்த்தூளோ எடுத்துக்கொள். கையில் அள்ளி அழுத்தினால் தண்ணீர் சொட்டக் கூடாது, ஆனால் ஈரம் தெரிய வேண்டும். அதில் விதையைக் கலந்து ஜிப் பையில் போட்டு, தேதி எழுதி, காய்கறி வைக்கும் கீழ்த்தட்டில் வை. உறைநிலைப் பெட்டி வேண்டவே வேண்டாம். 0 முதல் 5 டிகிரி செல்சியஸுக்குள் மூன்று மாதம் இருந்தால் போதும். அவ்வப்போது திறந்து பார்த்து, பூஞ்சை தெரிந்தால் கழுவிப் புது மணலுக்கு மாற்று. உன்னோடு தங்கியிருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, சமையல் பொருள் என்று நினைத்துவிடப் போகிறார்கள்.

வசந்தத்தில் ஆழமான தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்று. அகலத் தட்டு வேண்டாம், ஆணிவேர் நேராக இறங்க இடம் வேண்டும். மேலே கம்பி வலை போடு, எலிக்கும் அணிலுக்கும் இது பிடித்த தீனி. சுமார் 20 டிகிரி வெப்பம் இருந்தால் ஒன்று, ஒன்றரை மாதத்தில் முளை வரும். சில விதை அடம்பிடித்து மறு வருடம்தான் எழும், அதனால் வெறும் தொட்டி என்று கொட்டிவிடாதே. சில முளை விதையோட்டைத் தொப்பியாக மாட்டிக்கொண்டே வரும், உதவி செய்கிறேன் என்று பிடித்து இழுத்தால் தலையே போய்விடும். அந்தப் பருவத்தில் தண்ணீர் அதிகமானால் தண்டு மண்ணோடு சேரும் இடத்தில் அழுகிச் சாயும். முதல் வருடம் பாதி நிழல் போதும்.

மண் கொஞ்சம் அமிலத் தன்மையோடு, தண்ணீர் தேங்காததாக இருக்க வேண்டும். சுண்ணாம்பு மண்ணில் இலை நரம்பு பச்சையாகவும் நடுவெல்லாம் மஞ்சளாகவும் மாறினால் இரும்புச் சத்து ஏறவில்லை என்று அர்த்தம். தொட்டி மாற்றும்போது வேரைக் கலைக்காதே. அது சதைப்பற்றான தடித்த வேர், சட்டென்று ஒடியும், ஆறுவதற்கும் நாளாகும். நிலத்தில் வைப்பதானால் சுவரை விட்டு நன்றாகத் தள்ளி வை, நல்ல இடத்தில் 20 மீட்டருக்கு மேலும் போகும். எப்போதும் பச்சை என்று சொல்வதால் குப்பை விழாது என்று நினைக்காதே. ஓர் இலை சுமார் இரண்டு வருடம் இருந்துவிட்டு விழும். தோல் மாதிரி தடித்த இலை, மக்க மாட்டேன் என்று கிடக்கும். கூட்டி எடுக்காமல் மரத்தடியிலேயே மூடாக்காக விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

பிரான்சில் நாந்த் நகரப் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த மக்னோலியா ஒன்றைக் குளிருக்குப் பயந்து கட்டடத்துக்குள் பொத்திப் பொத்தி வளர்த்தார்களாம். வருடக்கணக்கில் ஒரு பூ இல்லை. பிரயோசனமில்லை, தூக்கிப் போடு என்று முதலாளி சொன்னபோது, தோட்டக்காரரின் மனைவி அதை வெளியே நட்டுவைத்தாராம், பிறகு பூத்ததாம். கதை எவ்வளவு நிஜமோ, வெயிலும் திறந்த வெளியும் இல்லாமல் இந்த மரம் சரியாகப் பூக்காது என்பது நிஜம். உன் பால்கனியில் எந்தப் பக்கம் வெயில் விழுகிறது என்று இப்போதிருந்தே கவனித்து வை.

அப்புறம், ஆசையில் நாலு விதையை உறையில் போட்டு எனக்கு அனுப்பிவிடாதே. நாடு விட்டு நாடு விதை அனுப்பத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், இல்லையென்றால் வழியிலேயே பறிமுதல்தான். எனக்குச் செண்பகம் போதும். அதையும் இப்போது மக்னோலியா பேரினத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள், அதன் விதையும் இதே போலப் புதிதாக இருக்கும்போதே போட வேண்டியதுதான்.

இன்றைக்கு ராத்திரியே விதையை ஊறப்போடு. தோல் உரித்த பிறகு எத்தனை மூழ்கியது, எத்தனை மிதந்தது என்று எழுது. மூழ்கியது பத்துக்கும் கீழே என்றால், அதே மரத்தடிக்கு இந்த வாரத்துக்குள் இன்னொரு தரம் போய்விட்டு வா.

அன்புடன்,
அம்மா