முதுகெலும்பை மட்டும் தர மாட்டேன்

போடி,
ஐப்பசி அடைமழை, ராத்திரி எட்டரை மணி

பாப்பா,

போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே உன் அம்மா பிடுங்கிக்கொள்வாள். அதனால்தான் கடிதம். கடைக் கல்லாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். போடிமெட்டுப் பாதையில் பாறை விழுந்து ஜீப்பெல்லாம் நின்றுவிட்டது. எஸ்டேட் ஆட்கள் யாரும் கீழே இறங்கவில்லை. சாயங்காலத்திலிருந்து இரண்டே சீட்டு. ஒன்று சுகர் மாத்திரை, இன்னொன்று ரிட்டயர்டு வாத்தியாருடைய தூக்க மாத்திரை.

போன வாரம் கடைப் பரணை ஒழித்தேன். ஏன் ஒழித்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். எக்ஸ்பைரி பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு துணிப்பை கிடந்தது. உள்ளே மெடிக்கல் ரெப்புகள் கொடுத்த பேடுகள். தலைப்பில் மாத்திரைப் பெயர், கீழே முழுக்க உன் படங்கள். பிரஷர் மாத்திரைக்குக் கீழே ஒரு பல்லி, அதற்கு மனுஷப் பல். இருமல் டானிக்குக்குக் கீழே ஒரு பாட்டி, அவள் சேலை மடிப்பெல்லாம் விலா எலும்பு. மூன்றாவது படிக்கிற பிள்ளை வரைகிற படமா இது என்று அப்போதே யாராவது கேட்டிருக்க வேண்டும். அந்தப் பைக்கு அடியில் அந்த முதுகெலும்பும் இருந்தது. கால்சியம் மாத்திரை ரெப் கொடுத்த பிளாஸ்டிக் பொம்மை. அரையடி நீளம், வளைத்தால் வளையும். நீ அதைத் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்குவாய். அம்மா எடுத்து ஒளித்து வைப்பாள். நீ அழுது திரும்ப வாங்குவாய். ஞாபகம் இருக்கிறதா?

அதைக் கையில் எடுத்ததும் எனக்கு உன் சுவிஸ் ஓவியர் கீகர் ஞாபகம் வந்துவிட்டார். (கைகர் இல்லை, கீகர். நீ திருத்தியதிலிருந்து சரியாகத்தான் சொல்கிறேன்.)

ஜூன் மாதம் எங்களை அவர் மியூசியம் இருக்கிற சுவிஸ் ஊர் குருயேருக்குக் கூட்டிப்போனாயே, அன்றைக்கு மேடு ஏறும்போது அவர் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாய். மூச்சு வாங்குகிற மாதிரி நடித்து நான் பேசாமல் வந்தேன். உண்மையில் எனக்குப் பேச்சு வரவில்லை. 1940இல் கூர் என்கிற மலையடிவார ஊரில் பிறந்தவர். (தமிழில் கூர் என்றால் என்ன என்று உன் நண்பர்களுக்குச் சொல்லியிருக்கிறாயா?) அப்பா மருந்துக்கடைக்காரர். படம் வரைவது சோறு போடாத தொழில் என்று சொல்லி, பையனும் மருந்துப் படிப்பே படிக்க வேண்டும் என்று நின்ற மனிதர். நீ இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் மலையைப் பார்த்தாய். நானும் மலையைத்தான் பார்த்தேன்.

அதற்கடுத்து நீ சொன்னதுதான் எனக்குள் தங்கிவிட்டது. மருந்துக் கம்பெனி ஒன்று அந்த அப்பாவுக்கு ஒரு மண்டை ஓடு அனுப்பியிருக்கிறது. நிஜமான மண்டை ஓடு. அவர் அதைக் கொண்டுபோய் ஐந்தாறு வயதுப் பையனிடம் கொடுத்திருக்கிறார். பையனுக்கு உள்ளுக்குள் நடுக்கம். ஆனாலும் கயிறு கட்டித் தெருவில் இழுத்துக்கொண்டு போயிருக்கிறான், நம்ம ஊர்ப் பிள்ளைகள் நொங்கு வண்டி ஓட்டுகிற மாதிரி. அக்காக்காரி ஊர் மியூசியத்துக்குக் கூட்டிப்போய் எகிப்து மம்மியைக் காட்டினாள். பயந்துபோனவன், பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தானே போய் அதன் முன்னால் நிற்க ஆரம்பித்தான். வீட்டு நடையில் பேய் ரயில் செய்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றினான்.

அப்பன் கையால் மண்டை ஓட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு 'மாத்திரை விற்கப் படி' என்று சொன்னால் எப்படி? இப்படி நினைத்துச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கையில் முதுகெலும்பு.

உனக்கு பி.பார்ம் சீட்டு வாங்கிவந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். ஓவியக் கல்லூரி விண்ணப்பத்தை நீ பூர்த்தி செய்து மேஜையில் வைத்திருந்தாய். அதை அனுப்பாமல் விட்டது தபாலில் தவறியதால் அல்ல. நான்தான் கல்லாப் பெட்டிக்கு அடியில் போட்டு வைத்தேன். உனக்குத் தெரிந்திருக்கும், நீ கேட்டதில்லை. இரண்டாம் வருஷம் பாதியில் படிப்பை விட்டுவிட்டு நீ சென்னைக்கு ரயில் ஏறியபோது எட்டு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தேன். உன் முதல் ஃபீஸ் அம்மாவின் வளையல். அதுவும் எனக்கு அப்புறம்தான் தெரியும்.

கீகர் 1962இல் சூரிச்சுக்குப் போய் கட்டட வடிவமைப்பும் பொருள் வடிவமைப்பும் படித்தார். மருந்துமில்லை, முழுக்க ஓவியமுமில்லை. ஊரில் சொல்லிக்கொள்ள ஒரு படிப்பு. ராத்திரியில் கெட்ட கனவு கண்டு அலறி எழுந்திருப்பாராம். அந்தக் கனவுகளைத் தாளில் இறக்கி வைத்தால் கொஞ்சம் விடுகிறது என்று கண்டுபிடித்துத்தான் வரைந்திருக்கிறார். இந்த ஒன்றை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ராத்திரி ஒன்பதரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு வருகிறவர்களை முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். சீட்டை நீட்டும்போது குரல் இறங்கிவிடும். 'தூங்க முடியலைங்க' என்பதைக் கூடக் குற்றம் மாதிரி சொல்வார்கள். வேறு சில சாமான்களுக்கு அதுவுமில்லை, கண்ணாலேயே காட்டுவார்கள். நான் செய்தித்தாளில் சுற்றிக் கருப்புக் கவரில் போட்டுக் கொடுப்பேன். என் தொழிலில் பாதி, சுற்றிக் கொடுப்பதுதான். கீகர் எதையுமே சுற்றவில்லை. பிறப்பு, சாவு, எலும்பு, குழாய், உடம்பின் ரகசிய இடம், எல்லாவற்றையும் ஏர்பிரஷ் (காற்றால் மை தூவுகிற கருவி) வைத்து நேரே சுவரில் ஏற்றிவிட்டார். ஜெர்மனியில் பார்த்த குப்பை லாரியின் பின்வாய் கூட அவருக்குப் படமாகியிருக்கிறது. நான் தினமும் காலையில் பார்க்கிற லாரி.

குருயேர் மியூசியத்தில் ஒரு அறை வாசலில் நீ நின்று, 'அப்பா, இது பதினெட்டு வயசுக்கு மேலேதான், நம்ம அப்படியே மாடிக்குப் போயிருவோமா?' என்று கேட்டாய். எனக்கு வயது அறுபத்து மூன்று. ஆனாலும் நீ சொன்னதே சரி.

உன் அம்மா அங்கே நடந்துகொண்டதை இன்றைக்கும் தெருவில் சொல்லிச் சிரிக்கிறேன். அந்தத் தாடிக்காரப் பையனை மறந்திருக்க மாட்டாய். ஆறடி உயரம், தோல் ஜாக்கெட், மோட்டார் சைக்கிளில் எங்கிருந்தோ வந்தவன். 'ஏலியன்' சினிமாவில் வருகிற அந்த நீள மண்டை ஜந்துவின் படத்துக்கு முன்னால், நம்ம ஆட்கள் கருவறைக்கு முன் நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அதே ஜந்துவைப் பச்சை குத்தியிருந்தான். அம்மா நேரே போய் 'வலிக்கலையா தம்பி?' என்று கேட்டுவிட்டாள். நீ மொழிபெயர்த்தாய். 'இரண்டு நாள் உட்கார்ந்தேன், வலித்தது' என்றான். வெளியே வந்ததும் அம்மா பையிலிருந்து முறுக்கை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை உடைக்காமல், சுற்றுச் சுற்றாக எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, 'இதுவும் கீகர் மாதிரிதான் இருக்கிறது' என்றானே!

எதிர்த்தாற்போல் இருந்த கீகர் பாருக்கு நான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தேன். காபி கிடைக்கும் என்று சொல்லி இழுத்துப்போனாய். நிமிர்ந்து பார்த்தால் கூரை முழுக்க முதுகெலும்பு. வளைவு வளைவாக, கணு கணுவாக. நாற்காலியும் எலும்பு. 2003இல் கட்டியது என்றாய். அப்போதும் எனக்கு அந்த கால்சியம் ரெப்தான் ஞாபகம் வந்தான். சொன்னால் நீ சிரிப்பாய் என்று சொல்லவில்லை.

பணக் கணக்கும் பார்த்தேன், பார்க்காமல் இருப்பேனா? 1977இல் அவர் படங்கள் பெரிய புத்தகமாக வந்தது. அது ஹாலிவுட்டில் டைரக்டர் ரிட்லி ஸ்காட் கைக்குப் போனது. 1976இல் வரைந்த ஒரே ஒரு ஓவியத்திலிருந்து 'ஏலியன்' சினிமாவின் ஜந்து பிறந்தது. இங்கிலாந்தில் ஸ்டுடியோவில் உட்கார்ந்து களிமண்ணும் எலும்பும் வைத்துத் தானே செய்தார். 1980இல் ஆஸ்கர், குழுவோடு சேர்த்து. அடுத்த பாகத்துக்கு 1986இல் அவரைக் கூப்பிடவே இல்லை. 1997இல் வந்த நாலாம் பாகத்தில் பெயரையே போடவில்லை. அவர் வெளிப்படையாகக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. ஜந்து அவருடையது, பெயர் இல்லை. பாப்பா, உன் கம்பெனி ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடம் காட்டினாயா? நீ 'அதெல்லாம் பார்த்துக்கலாம்ப்பா' என்றாய். பார்க்காதே என்று சொல்லவில்லை. எப்போது பார்ப்பாய் என்று கேட்கிறேன்.

அந்தப் பணத்தை வைத்து அவர் என்ன செய்தார் என்பதில் எனக்கு அவர்மேல் மரியாதை. குருயேரில் ஒரு பழைய மாளிகையையே வாங்கி 1998இல் தன் படங்களுக்கு இடம் கட்டிவிட்டார். சீஸ் விற்கிற ஊர். மாடு, மணி, பாலாடை, பூந்தொட்டி. அதற்கு நடுவே போய் இருட்டுக்குக் கடை திறந்திருக்கிறார். வியாபாரியாகச் சொல்கிறேன், இடத் தேர்வு அபாரம். இந்தப் பக்கம் பாலாடை வாங்க வந்தவர்கள், அந்தப் பக்கம் கருப்புச் சட்டைக்காரர்கள். இரண்டு கூட்டமும் ஒரே தெருவில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு போகிறது.

ரசிகர் கூட்டம் என்றால் எனக்குத் தெரிந்தது கட்-அவுட்டும் பாலாபிஷேகமும். இது வேறு மாதிரி இருக்கிறது. இதில் ஒவ்வொருவனும் தனியாக வந்து நிற்கிறான். நீ சொன்ன அந்தப் பாட்டுக்காரர் கதை எனக்குப் பிடித்தது. டாம் காப்ரியேல் ஃபிஷர். சுவிஸ் கிராமத்தில், யாருமே சீந்தாத இரைச்சல் பாட்டுக் குழு வைத்திருந்த இளைஞன். 1984இல் கீகருக்கு ஒரு கடிதம் போடுகிறான், உங்கள் படத்தை எங்கள் ஆல்பத்துக்குத் தருவீர்களா என்று. அவரோ ஆஸ்கர் வாங்கியவர். குப்பையில் போட்டிருக்கலாம். பதில் போட்டார், பணம் வாங்காமல் படமும் கொடுத்தார், 1985இல் ஆல்பம் வந்தது. அதே பையன் பிற்காலத்தில் அவருக்கு உதவியாளராகப் போய், கடைசி வரை கூட இருந்தான்.

உனக்கு வருகிற கடிதங்களுக்குப் பதில் போடுகிறாயா? நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. போன மாசி மாதம் நீ வரைந்த அந்த எலும்புச் சேலைப் பாட்டியை யாரோ ஒரு பிரேசில் பையன் தோளில் பச்சை குத்தியிருப்பதாகப் படம் அனுப்பினாயே. நான் 'நல்லது' என்று மட்டும் எழுதினேன். அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. யாரென்றே தெரியாத ஒருவன் என் மகள் வரைந்ததைச் சாகும்வரை சுமக்கப்போகிறான். இது பெருமையா பயமா என்று எனக்குப் பிடிபடவில்லை. இப்போது பரணில் பார்த்தால், அந்தப் பாட்டி இருமல் டானிக்குக்குக் கீழே மூன்றாம் வகுப்பிலேயே இருக்கிறாள். அந்தப் பையனுக்கு இதைச் சொல். சந்தோஷப்படுவான்.

ஒன்று மட்டும் கேட்கவே தயங்கிக்கொண்டிருந்தேன். இந்த இருட்டையே வரைந்துகொண்டிருந்தால் அது ஒட்டிக்கொள்ளாதா? கீகரோடு வாழ்ந்த லீ டோப்ளர் என்கிற பெண் 1975இல் தன்னை முடித்துக்கொண்டாள் என்று நீ சொன்ன இடத்தில் என் வயிறு இறங்கிவிட்டது. ஆனால் நாம் பார்த்த அந்த ஆவணப்படத்தில் கிழவர் எப்படி இருந்தார்? மெதுவாக நடந்து, பூனையைத் தடவி, வீட்டுத் தோட்டத்தில் குட்டி ரயில் விட்டுக்கொண்டு. பச்சை குத்திய ஆட்கள் முன்னால் வந்து அழும்போது, என்ன செய்வதென்று தெரியாத தாத்தா மாதிரி. எழுபத்து நாலு வயது வரை இருந்தார். 2014 மே 12, வீட்டுப் படியில் விழுந்த காயத்தில் போய்விட்டார். கடைசியில் அவரை எடுத்தது ஒரு படிக்கட்டு, எந்த ஜந்துவும் இல்லை. அந்தக் குருயேர்க் கல்லறைத் தோட்டத்தில் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். நானும் கழற்றினேன். நீ சரியாகத் தூங்குகிறாயா? அதை மட்டும் எழுது. மாத்திரைப் பெயர் எதுவும் எழுதாதே, எனக்குத் தெரியும் எதற்கு எது என்று.

இனி பரண் விஷயம். தை பிறந்ததும் கடையை முருகேசனுக்குக் கொடுத்துவிடுகிறேன். டி.பார்ம் முடித்துவிட்டான், லைசென்ஸ் அவன் பெயருக்கு மாற்றப் பேப்பர் கொடுத்தாகிவிட்டது. ஸ்டாக்குக்கு மட்டும் விலை பேசினோம். பெயருக்கு எதுவும் வாங்கவில்லை. போர்டில் இருக்கிற உன் பெயரை எடுக்க வேண்டாம், அக்கா பெயர்தான் ராசி என்கிறான். நீ சரி என்றால் இருக்கட்டும். உனக்காக நிறுத்தி வைத்திருந்த கடை இது என்று இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லாமலே உன்மேல் சுமத்தி வைத்திருந்தேன். இனி அது கிடையாது. லீவுக்கு வரும்போது கல்லாவில் வந்து உட்கார வேண்டாம், வீட்டுத் திண்ணையிலேயே உட்காரலாம்.

பேடுகளைக் கொரியரில் அனுப்புகிறேன், மொத்தம் பதினோரு பேடு. எண்ணிவிட்டேன். மழைக்கு நனையாமல் இரண்டு கருப்புக் கவர் போட்டிருக்கிறேன், பிரித்தவுடன் தூக்கி எறி. பல்லி படத்தில் ஒரு மூலை கரையான் தின்றிருக்கிறது, அதற்கு என்னைத் திட்டாதே.

முதுகெலும்பு என்னிடமே இருக்கட்டும். தலையணைக்குக் கீழே வைத்துப் பார்த்தேன், உன் அம்மா எடுத்து எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாள்.

அப்பா