மூன்றரை வட்டி

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். ஆபீஸ் முகவரிக்கு விரைவுத் தபால் வந்திருக்கிறதே என்று பதற வேண்டாம். அம்மாவுக்கு முழங்கால் வலி, அது பழைய வலிதான். தென்னையில் இந்த முறை 140 காய். தம்பி ஞாயிற்றுக்கிழமை வந்து மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான், மாட்டுவதற்குத்தான் ஆள் தேட வேண்டும். போனில் சொல்லக் கூடாதா என்பாய். இங்கே அம்மா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டுதான் பேசுவாள். அங்கே மாப்பிள்ளை பக்கத்தில் இருப்பார். எழுதுவதுதான் சௌகரியம்.

கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் எழுதிய 31 வருடத்தில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வெளியில் மூன்று வட்டிக்கு வாங்கிய கடனை அடைப்பதற்காக நகையோடு வருவார்கள். வெளியில் மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் பாதியைத்தான் சொல்வார்கள். சொன்ன பாதியை அடைத்துவிட்டுப் போவார்கள். சொல்லாத பாதி ஆறே மாதத்தில் அவர்களை மறுபடியும் கவுண்டரில் கொண்டுவந்து நிறுத்தும். கெட்டவர்கள் என்று ஒருவரையும் சொல்ல மாட்டேன். வாயில் வராது, அவ்வளவுதான்.

சுற்றி வளைக்கிறேன். இங்கே வந்த உன் கிரெடிட் கார்டு கணக்குத் தாளின் கவரைப் பிரித்துவிட்டேன் பாப்பா.

பிறர் தபாலைப் பிரிக்கக் கூடாது என்று உங்களை வளர்த்தவன் நான். ஆனால் அதன்மேல் உன் பெயருக்கு முன்னால் என் தலைப்பெழுத்து இருந்தது. கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியும் வங்கிக்காரன் அதை மாற்றவில்லை, முகவரியையும் மாற்றவில்லை. என் எழுத்தும் அதில் இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். 1,86,400 ரூபாய் பாக்கி. அம்மா உள்ளே இருந்து "யாருக்குத் தபால்?" என்றாள். மின்வாரியம் என்றேன்.

தீபாவளியன்று இரவு எட்டரைக்கு போன் வந்ததும் நீ மாடிக்கு ஏறிப் போனாய். இருபது நிமிடம் கழித்து இறங்கி வந்து, மத்தாப்பு வாடை கண்ணைக் கரிக்கிறது என்றாய். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். தாமதக் கட்டணம் என்று ஒரு வரி இப்போது கண்ணில் பட்ட பிறகுதான் அந்த போன் யாருடையது என்று தோன்றுகிறது. ஒன்று தெரிந்துகொள். வசூலுக்குக் கூப்பிடுகிறவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. எட்டரைக்கு வந்தால் பயந்து மாடிக்கு ஏறாதே, நேரத்தைக் குறித்துவைத்து வங்கிக்கு எழுத்தில் புகார் கொடு. எட்டாம் வகுப்பில் உன் கணக்குத் தாளைத் தப்பாகத் திருத்திய டீச்சரிடமே போய் இரண்டு மதிப்பெண் வாங்கி வந்தவள் நீ. அந்தப் பெண் எங்கே போனாள்?

அந்தத் தாளின் பின்பக்கம் பொடி எழுத்தில் மாதம் 3.5 விழுக்காடு என்று போட்டிருக்கிறது. ஊர்ப் பேச்சில் சொன்னால் மூன்றரை வட்டி. வட்டியின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி வேறு. எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு 4 ரூபாய் 13 காசு, வருடத்துக்கு ஐம்பதைத் தொடுகிறது. கடைத்தெருவில் இந்த வட்டி கேட்பவனை நீயே என்ன பெயர் சொல்லி அழைப்பாய் என்று எனக்குத் தெரியும். கந்துவட்டிக்கு நம் மாநிலத்தில் 2003இலேயே சட்டம் வந்துவிட்டது. கார்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகையால் யாராவது வந்து குறைப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். நாமேதான் கேட்க வேண்டும்.

மாதம் கட்டியே ஆக வேண்டிய மினிமம் தொகையை மட்டும் கட்டுகிறாய் என்பது தெரிகிறது. 9,320 கட்டுகிறாய். அதில் ஏறக்குறைய 7,700 வட்டிக்கும் வரிக்கும் போய்விடுகிறது. அசலில் கரைவது 1,600 சொச்சம். மினிமம் மட்டும் கட்டினால் கடன் வருடக்கணக்கில் நீளும் என்று அந்தத் தாளிலேயே அச்சடித்திருக்கிறார்கள், படித்தாயா? இன்னொன்று. பாக்கி வைத்திருக்கிறவரை கார்டில் புதிதாக எது வாங்கினாலும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஐம்பது நாள் அவகாசம் என்பதெல்லாம் முழுசாகக் கட்டுகிறவர்களுக்கு. நீ பால் பாக்கெட்டுக்கும் மூன்றரை வட்டி கொடுக்கிறாய். கார்டைப் பையில் வைக்காதே. பீரோவில் வை.

இப்போது செய்ய வேண்டியது. வங்கிக்கு நீயே போன் செய். அவர்கள் செய்வதற்கு முன்பு நீ செய். பாக்கித் தொகையை மாதத் தவணையாக மாற்றித் தரக் கேள். ஒன்றரை வட்டிக்கு அப்படி மாற்றித் தருவது உண்டு. முதலில் பேசுகிறவருக்கு அதிகாரம் இருக்காது, மேலே இருப்பவரைக் கேள். இத்தனை வருடமாக வாடிக்கையாளர், ஒரு மாதம்தான் தவறியது, வேறு வங்கியில் தனிநபர் கடன் வாங்கி உங்கள் கணக்கை முடித்துவிடவா என்று மரியாதையாகக் கேள். அழாதே. அழுதால் குறைக்க மாட்டார்கள், இன்னொரு கடனை விற்பார்கள். செயல்முறைக் கட்டணம் எவ்வளவு, முன்கூட்டியே முடித்தால் அபராதம் உண்டா என்பதையும் கேட்டு மின்னஞ்சலில் வாங்கிக்கொள். ஒரு கார்டின் பாக்கியை வேறு கார்டுக்கு மாற்றச் சொல்லி ஆசை காட்டுவார்கள். சில மாதம்தான் குறைந்த வட்டி, பிறகு அதுவும் பழைய குணத்துக்குத் திரும்பிவிடும். எனக்குப் பிடிக்கவில்லை. பாதியைக் கட்டுங்கள், மீதியைத் தள்ளுகிறோம் என்று சொன்னாலும் சம்மதிக்காதே. நம் கடன் வரலாற்றைக் குறித்துவைக்கும் சிபிலில் செட்டில்டு என்று ஏறிவிடும். நாளைக்கு நீங்கள் வீட்டுக்கடன் கேட்டுப் போகும்போது அந்த ஒரு சொல் மாப்பிள்ளையின் முன்னால் மேஜைமேல் வந்து விழும்.

மாப்பிள்ளைக்குத் தெரியுமா? நான் கேட்கவில்லை. ஆனாலும் தெரியுமா?

ஐந்து இலக்கச் சம்பளம் வாங்கிய முதல் பெண் நம் தெருவில் நீதான். அதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று உனக்கே தெரியாது. இவ்வளவு சம்பாதிக்கிறவளுக்கு எங்கிருந்து இந்தக் கடன் என்று இரண்டு நாள் உன்மேல் கோபமாகத்தான் இருந்தேன். ஆன்லைனில் வாங்கிக் குவிக்கிறாள், மாதம் ஒரு ஊர் சுற்றுகிறாள் என்று மனசுக்குள் திட்டினேன். மூன்றாம் நாள் காலையில் கூடம் பெருக்கும்போது துடைப்பம் நின்றுவிட்டது.

தஞ்சாவூர் டைல்ஸ் கடை. 2022 கார்த்திகை. சதுரஅடி 52 ரூபாய்க்கு ஒன்றை எடுத்து, "இதுவே நன்றாக இருக்கிறதே அப்பா" என்றாய். நான் 85 ரூபாய்க் கல்லின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். பழைய சிவப்புச் சிமெண்டுத் தரைக்கு என்ன குறை என்று அம்மா கேட்டது என் காதில் ஏறவில்லை. "என் பெண் கார்டில் போட்டுவிடுவாள்" என்று கடைக்காரரிடம் நான்தான் சொன்னேன், நீ சொல்லவில்லை. 94,000. இயந்திரத்தில் எண்ணை அடிக்கும்போது உன் விரல் ஒரு கணம் நின்றது. பார்த்தேன். பார்க்காததுபோல் கூரையில் தொங்கிய விளக்கைப் பார்த்தேன். ஆடியில் சீட்டு எடுத்ததும் தந்துவிடுகிறேன் என்று பஸ்ஸில் வரும்போது சொன்னேன்.

சீட்டை எடுத்தேன். உன்னிடம் அது தள்ளிப்போய்விட்டது என்றேன். பொய். அதற்கு முந்தைய வருடம் நம் மண்டகப்படிக்கு இரட்டை நாதஸ்வரம் வைத்தேனே, பெரியப்பா வீட்டார் வைத்ததைவிட ஒரு கை கூடுதலாக இருக்க வேண்டும் என்று? அதற்கு 60,000 வெளியில் வாங்கியிருந்தேன். மூன்று வட்டிக்கு. பகலில் சங்கத்தில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் வட்டிக் கணக்குச் சொல்லிவிட்டு, மாலையில் சைக்கிளைக் குறுக்குச் சந்தில் விட்டுப் போய் மாதம் 1,800 ரூபாயை மடித்துக் கொடுத்துவிட்டு வருவேன். சீட்டுப் பணம் முழுவதும் அங்கேதான் போனது. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. நீ ஒரு முறைகூடத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன், அதுவும் உனக்குத் தெரிந்திருக்கும்.

கடன் எல்லாமே டைல்ஸால் வந்தது என்று சொல்ல வரவில்லை. மினிமம் கட்டும் பழக்கத்தை என் 94,000 தொடங்கி வைத்ததோ என்றுதான் தூக்கம் வரவில்லை.

2023இல் ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் திட்டத்தில் இரண்டு கணக்காகப் போட்டு வைத்திருக்கிறேன். 8.2 விழுக்காடு. அதை எவ்வளவு பெருமையாக எல்லோரிடமும் சொல்வேன், தெரியுமல்லவா? மகள் ஐம்பது விழுக்காடு கட்டிக்கொண்டிருக்கும்போது 8.2 விழுக்காட்டை நெஞ்சில் அணைத்துக்கொண்டிருந்தவனுக்குக் கணக்குத் தெரியும் என்று யார் சொல்வார்கள்? சிறிய கணக்கு 1,00,000. அதை நேற்று முடித்துவிட்டேன். இரண்டு வருடம் தாண்டிவிட்டதால் ஒரு விழுக்காடு பிடித்துக்கொண்டு 99,000 தந்தார்கள். போஸ்ட் மாஸ்டர் ஏன் சார் என்றார். பழைய பாக்கி என்றேன்.

94,000க்கு இதனுடன் காசோலை இருக்கிறது. உதவி என்று நினைத்துத் திருப்பி அனுப்பாதே. கடையில் வாங்கிய கல்லுக்கு விலை, மூன்று வருடம் தாமதம். வட்டி தர எனக்கு வக்கில்லை. இதைக் கார்டில் கட்டினால் மீதி 92,400. அதை ஒன்றரை வட்டிக்கு 12 மாதத் தவணையாக மாற்றினால் மாதம் 8,470, வட்டிக்கு வரி கொஞ்சம். இப்போது நீ கட்டும் 9,320க்குள் அடங்கிவிடும், வருடத்தில் தீரும். முதலில் காசோலையைக் கட்டு, பிறகு போன் செய், பாக்கி குறைந்திருக்கும்போது பேசினால் நம் பேச்சுக்கு எடை இருக்கும். அவர்கள் ஒப்பவில்லை என்றால் சொல், நகையை வைத்துவிடலாம். வங்கியில் முக்கால் வட்டிதான். தனியாரிடம் போகாதே. கார்டைப் பீரோவில் வை.

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுது. வேறு கார்டு ஏதாவது இருக்கிறதா? பாதியைச் சொல்லாதே.

போனில் இதைப் பற்றிப் பேச வேண்டாம். தென்னை 140 காய்த்ததாமே என்று கேள், எனக்குப் புரியும்.

அப்பா

பி.கு.: காசோலையில் உன் பெயரைப் பழைய தலைப்பெழுத்தோடே எழுதிவிட்டேன். கை அப்படித்தான் போனது. சம்பளக் கணக்கு எந்தப் பெயரில் இருக்கிறது என்று பார். மாறியிருந்தால் கிழித்துவிட்டுச் சொல், வேறு எழுதி அனுப்புகிறேன்.