செயலாளர் ஆண்டறிக்கை: குரோட்டோனே ஊர் வரலாற்றுச் சங்கம், தென் இத்தாலி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வராத பெரும்பான்மையினரே, வணக்கம்.

செயற்குழு ஐந்து முறை கூடியது. இரண்டு முறை போதிய ஆள் இல்லாமல் காப்பியோடு கலைந்தது. அருங்காட்சியகம் சென்று, கிரேக்கப் பெண் தெய்வமான ஹீராவின் கோயிலில் கிடைத்த பொன்முடியைக் கண்டோம். இவ்வூரில் வாழ்ந்த பித்தாகரஸ் பற்றிய சொற்பொழிவு வழக்கம்போல் நடந்தது. கேள்விகளும் வழக்கம்போல் தேற்றத்தைச் சுற்றியே வந்தன. மல்லன் மிலோன் தலைமையில் இவ்வூர்ப் படை கி.மு. 510-இல் போட்டி நகரமான சைபாரிஸை அழித்ததைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஹீரா கோயில் பற்றிய துண்டுப் பிரசுரம் அடியேன் எடுத்துக்கொண்ட வேலை என்பதால், சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊருக்கு அருகே கடலோரத்துக் கொலோனா முனையில் ஹீரா கோயிலுக்கு மிஞ்சியது எட்டு மீட்டருக்கு மேல் உயர்ந்த ஒரே தூண். வருகிறவர்கள் "நிலநடுக்கம் போலும்" என்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். 1638 நிலநடுக்கத்தின் கணக்கில் ஒரு தூணை எழுதலாம். மற்றதில் மனிதர் கைவரிசையே அதிகம். ரோமோடு போரிட வந்த படைத்தலைவர்கள் பிர்ரஸும் ஹன்னிபாலும் தொடாத கூரையை, கி.மு. 173-இல் ரோமானிய அதிகாரி ஃபுல்வியஸ் ஃபிளாக்கஸ் பிரித்தார். பாதிச் சலவைக்கல் ஓடுகளைத் தாம் ரோமில் எழுப்பிய கோயிலுக்குக் கப்பலேற்றினார். ரோமின் ஆட்சி மன்றமான செனட் கண்டித்து ஓடுகளைத் திருப்பி அனுப்பியது. ஆனால் அவற்றை மீண்டும் வேயத் தெரிந்த கைவினைஞர் அகப்படவில்லை. ஓடுகள் கோயில் வளாகத்திலேயே கிடந்தன. பிற்காலத்தில் கோயிற்கற்கள் ஊர்க் கட்டடங்களுக்குள் போய்ச் சேர்ந்தன.

இதை நான்கு பக்கத்தில் அச்சிட்டோம். விநியோகத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் 12 பேர்; வந்தது நானும் என் மைத்துனரும். கடற்காற்றில் கட்டு அவிழ்ந்து தாள்கள் பறந்தன. வேலி ஓரமாக ஓடி ஓடிப் பொறுக்கியவர் மைத்துனர். அவர் உறுப்பினர்கூட அல்லர். மீந்த 340 பிரதிகள் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருக்கின்றன. ஃபிளாக்கஸின் ஓடுகள் அடிக்கடி நினைவுக்கு வருகின்றன.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. அச்சகத்துக்குச் சிறு பாக்கி உண்டு. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. 41 உறுப்பினரில் 17 பேர் இரண்டு ஆண்டுச் சந்தா தரவில்லை. பெயர்களை வாசிப்பது நாகரிகமன்று. பட்டியல் வாசல் மேசையில் இருக்கிறது, எழுத்தும் பெரிது.

கூடம் தந்தவர்களுக்கும் நாற்காலி போட்டவர்களுக்கும் நன்றி. தலைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இளையவர் ஒருவர் இப்பொறுப்பை ஏற்றால் மகிழ்வேன். சென்ற ஆண்டும் இதையே சொன்னேன், எல்லோரும் கைதட்டினீர்கள். இப்போதைக்கு, காரில் வந்திருப்பவர்கள் ஆளுக்கு ஒரு கட்டு எடுத்துச் சென்றால் போதும். மாடிப்படிக்கு அடியில் இடம் வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். கட்டுகளை நானே தூக்கிவந்து வண்டியில் வைத்துவிடுகிறேன்.